பொருள்வயிற் பிரிவு

"குழந்தைங்கள யாரு பாத்துப்பாங்க?"

நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மென்பொருள் வேலை தேடிய என் தங்கையிடம், அவள் போன எல்லா நேர்காணல்களிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. சிலர் நேராகக் கேட்டார்கள். சிலர் "வீட்ல சப்போர்ட் இருக்கா?" என்று நயமாகக் கேட்டார்கள். மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டரை. அதே ஆண்டில் அவள் கணவரும் வேலை மாறினார். அதே இரண்டு குழந்தைகளுக்கு அவர் தந்தை. அதே துறையில் நிரல் எழுதுபவர். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று மட்டும்தான் அவரிடம் கேட்டார்கள்.

தங்கை ஒரு நிறுவனத்தில் மூன்று தொழில்நுட்பச் சுற்றுகளைத் தாண்டினாள். கடைசிச் சுற்றில் இந்தக் கேள்வி வந்தபோது, "எங்கம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க" என்றாள். கேட்டவர் முகம் தெளிந்ததாம். "மூணு ரவுண்டு நான் பாஸ் பண்ணேன். நாலாவது ரவுண்டு அம்மா பாஸ் பண்ணாங்க" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தமிழ் வகுப்பில் நான் ஆண்டுதோறும் அகத்திணை நடத்துகிறேன். பிரிவின் வகைகளைப் பலகையில் எழுதிப்போடுவேன். கல்வி கற்கப் பிரிவது, போருக்குப் பிரிவது, தூது போகப் பிரிவது, பொருள் தேடப் பிரிவது. நான்கிலும் போகிறவன் தலைவன், இருப்பவள் தலைவி. பாலை நிலத்தின் வெயிலும் கள்ளியும் அவன் நடக்கும் வழிக்கு உரியவை. வாசலும் காத்திருப்பும் அவளுக்கு. கடல்கடந்து போகும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பாவே உண்டு.

சங்கப் பாடல்களில் பெண்கள் வேலை செய்யாமல் இல்லை. உப்பு விற்கிறார்கள், மீன் விற்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் நெய்யை விற்றுப் பொன் வாங்க மறுத்து, எருமையும் பசுவுமாகப் பெற்றுக்கொள்கிறாள், கணக்குத் தெரிந்தவள். புறநானூற்றில் இரவில் சிறுவிளக்கு வெளிச்சத்தில் பருத்தி வேலை செய்யும் பெண் வருகிறாள். ஆனால் இவர்கள் யாருடைய வேலையும் 'பிரிவு' ஆகவில்லை. பொருள் தேடப் போகிறவனை நினைத்து வீடு ஏங்குவதற்கு ஒரு துறை இருக்கிறது. பொருள் தேடும் பெண்ணின் வேலையோ வீட்டு வேலையின் நீட்சியாகவே நிற்கிறது. அவன் போனால் அது கடமை. அவள் போனால், 'யார் பார்த்துக்கொள்வார்கள்?'

கடந்த செமஸ்டர் விடுமுறையில், நவம்பர் கடைசியில், இரண்டு வாரம் மேடவாக்கத்தில் தங்கையின் வீட்டில் இருந்தேன். அவள் வேலையில் சேர்ந்து அப்போது இரண்டரை மாதம். ஆறு மாதத் தகுதிகாண் காலம் ஓடிக்கொண்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்து.

நிரல் எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதை அந்த இரண்டு வாரத்தில்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவள் சேர்ந்த குழு, பணப் பரிமாற்றத்துக்கான ஒரு மென்பொருளைப் பராமரிக்கிறது. பல ஆண்டுகளாகப் பலபேர் எழுதியது. எழுதியவர்களில் பாதிப்பேர் இப்போது அங்கே இல்லை. புதிதாகச் சேர்பவர் முதலில் எழுதுவதைவிட வாசிக்கத்தான் வேண்டும். இந்த வரி எதற்கு, இதை எடுத்தால் எங்கே உடையும் என்று பழைய சுவடியைப் படிப்பதுபோல வாசிக்க வேண்டும். "நீ பாடவேறுபாடு பாப்பியே, அந்த மாதிரிதான் அக்கா" என்றாள்.

அந்த வாசிப்புக்கு இடையறாத நேரம் வேண்டும். "தலைக்குள்ள பத்துப் பதினஞ்சு தட்டு அடுக்கி வச்சிருக்கேன்னு வச்சுக்கோ. அவன் ஒரு தடவை 'அம்மா'ன்னு கூப்பிட்டா அத்தனையும் சரிஞ்சிரும். திரும்ப அடுக்க இருபது நிமிஷம்."

வீட்டில் வேலை செய்யும் நாட்களில் கணவரும் மனைவியும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். இரண்டு கதவுகளும் மூடியிருக்கும். குழந்தைகள் ஒரு கதவை மட்டுமே தட்டினார்கள். அப்பா வேலை பார்க்கிறார் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. வீடு நடக்கிற விதத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் அமெரிக்கக் குழுவோடு அன்றாடக் கூட்டம். அங்கே காலை பத்து மணி. அவள் சேர்ந்தபோது இங்கே இரவு ஏழரையாக இருந்தது. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். கூட்டம் இங்கே எட்டரைக்கு வந்தது. எட்டரை என்பது சின்னவன் தூங்கும் நேரம். தாய் பக்கத்தில் படுத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நியூயார்க்கில் முள் நகர்ந்ததற்கு மேடவாக்கத்தில் ஒரு பிள்ளை அழுதது. அவள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, காதில் கூட்டமும் தோளில் பிள்ளையுமாக நடந்தாள். தன் முறை வந்ததும் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசினாள், தெளிவாக, பதற்றமில்லாமல். அடுத்த முனையில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. தெரியக்கூடாது என்பதும் அவளுடைய வேலையில் ஒரு பகுதி.

பிறகு இரவு பத்தரைக்கு மடிக்கணினியைத் திறப்பாள். வீட்டில் அது ஒன்றுதான் வெளிச்சம். பனுவல் என்ற பழஞ்சொல்லுக்குப் பஞ்சு என்றும் பொருள், நூல் என்றும் பொருள். சிறுவிளக்கின் முன் இருந்த பருத்திப் பெண்ணை நான் அங்கே பார்த்தேன். அந்த நேரத்தில் அவள் முகத்தில் களைப்பு மட்டும் இல்லை. சிக்கு ஒன்று விடுபட்டால் தனக்குத்தானே "ஆங்" என்பாள். நானும் இரவுகளில் கவிதை எழுதுகிறவள்தான். அந்த "ஆங்" எனக்குத் தெரியும். பொருளாதாரத் தேவைக்காக மட்டுமே பெண்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள் என்று இரக்கப்படுகிறவர்களுக்கு அது தெரியாது. அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஊதியத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் விடுப்புச் சம்பளம் முழுவதும் வேலை கொடுப்பவர் தலையில் விழுகிறது. ஆகவே இளம்பெண்ணை வேலைக்கு எடுப்பதையே செலவாகக் கணக்கிடுகிறார்கள். தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு தரச் சொல்லும் மத்தியச் சட்டம் இல்லை. காப்பகத்துக்கு நாளுக்கு நான்கு முறை போய்வரலாம் என்ற அனுமதியும் பெண்ணுக்குத்தான் எழுதப்பட்டது. குழந்தையைப் போய்ப் பார்க்கும் ஆணைச் சட்டத்தின் இலக்கணம் கற்பனை செய்யவில்லை. தங்கையின் நிறுவனத்துக்கும் காப்பகம் உண்டு. அது நகரின் மறுகோடியில், வேறொரு கிளை அலுவலகத்தில் இருக்கிறது.

நிரல் எழுதும் தொழிலின் இயல்பே இப்படித்தான், நேரம் காலம் பார்க்க முடியாது என்று சொல்வார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1958இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எல்சி ஷட், கர்ப்பமானதால் வேலையை விட நேர்ந்த பிறகு, வீட்டிலிருந்தே நிரல் எழுதும் தாய்மார்களைக் கொண்டு ஒரு நிறுவனம் தொடங்கினார். இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷர்லி 1962இல் ஆறு பவுண்டு முதலீட்டில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' நிறுவனத்தை ஆரம்பித்தார். திருமணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களைத் தேடிச் சேர்த்தார். அவர்கள் சாப்பாட்டு மேசையில் பென்சிலாலும் தாளாலும் நிரல் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் அந்தப் பெண்கள் எழுதியது. முதல் 300 பேரில் மூவர்தான் ஆண்கள். பெண்பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் ஷர்லி 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் சத்தம் கேட்காமலிருக்கத் தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து ஓடவிட்டார். அறுபது ஆண்டு கழித்து என் தங்கை ஒலிவாங்கியை அணைக்கிறாள். கருவி மாறியிருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். ஷர்லியின் நிறுவனத்தில் பிள்ளை வளர்ப்பவளின் நாளை முதலில் பார்த்து, அதற்கேற்ப வேலையைப் பிரித்தார்கள். இன்றைய நிறுவனங்கள் பிள்ளையே இல்லாத ஓர் ஆளின் நாளை வைத்து வேலையை அமைத்துவிட்டு, அதற்குள் பெண் தன்னை மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்கின்றன.

தங்கையின் கதையை அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். "வீட்லேர்ந்து வேலை பாக்கறது என்ன புதுசா? நாங்களும் வீட்லதான் பாத்தோம்" என்றாள் ஒருநாள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டி எங்களை வளர்த்தவள். ஒட்டிய பெட்டிக்கு எண்ணிக் கூலி. ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பசை தடவிய நாட்கள் அவை. அந்தக் கூலியில் படித்தவர்கள்தான் நாங்கள் இருவரும். அறுபத்தெட்டு வயதில் தன் தெருவையும் கோயிலையும் சிநேகிதிகளையும் விட்டுவிட்டு நான்காவது மாடிக்கு வந்திருக்கிறாள். இங்கே அவளுக்கு 'ஏட்டி' என்று கூப்பிட ஒருத்தியும் இல்லை.

தொல்காப்பியம் தாயை இருவராக வைத்திருக்கிறது. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. பிள்ளை வளர்ப்பு ஒருத்தியால் ஆகிற காரியமல்ல என்று இலக்கணத்துக்கே தெரிந்திருந்தது. ஆனால் அந்த இரண்டாமவரும் பெண்தான். இன்றும் அப்படியே. அம்மா ஒரு செவிலி. காலையில் வந்து பாத்திரம் தேய்த்து, சின்னவனைக் குளிப்பாட்டும் அக்கா இன்னொரு செவிலி. அவர் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து வருகிறார். நகரின் நடுவே கூவம் கரையில் இருந்த வீட்டை இடித்து அங்கே அனுப்பினார்கள். பக்கத்தில் பழைய வேலை வீடுகள் எதுவும் இல்லாததால், ஓஎம்ஆரை ஒட்டிய அடுக்ககங்களில் புதிதாக வேலை பிடித்தார். அவருக்கும் நான்கு வயதில் ஒரு மகள். "அவள யாரு பாத்துப்பா?" என்று கேட்டேன். "பெரியவ பாத்துப்பா, ஏழாவது படிக்கிறா. அவ ஸ்கூலுக்குப் போற நாள்ல பக்கத்து வீட்ல" என்றார்.

இப்படியே போனால் கடைசியில் ஒரு சிறுமியிடம் வந்து முடிகிறது. ஒரு பெண்ணின் சம்பளத்தை இன்னொரு பெண்ணின் கூலியும், கூலியே இல்லாத மற்றொருத்தியின் முதுமையும் தாங்குகின்றன. 2019ஆம் ஆண்டின் அரசுக் காலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அதிலும் ஈடுபடும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான்.

பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்று மார்ச்சில் அம்மா சொன்னாள். பதினைந்து நாள். தகுதிகாண் காலம் முடிய அப்போது மூன்று வாரம் இருந்தது. தங்கை முதலில் தன் விடுப்பைத்தான் எண்ணினாள். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு, கணவரிடம் "இந்தப் பதினஞ்சு நாள் உங்களோடது" என்றாள். அவர் தன் மேலாளரிடம் பேசினார், மாலை ஆறு மணிக்குப் பின் கூட்டம் வேண்டாம் என்று. "ஏன், உங்க வைஃப் இல்லையா?" என்று மேலாளர் கேட்டாராம். முதல் தடவையாக அந்தக் கேள்வி அவர் பக்கம் வந்தது. அவர் பத்து நாள் விடுப்பு எடுத்தார். இரண்டு நாள் கழித்தே நேரமும் மாற்றித் தந்தார்கள். ஐந்தாம் நாள் சின்னவன் அப்பாவின் கதவைத் தட்டினான்.

தங்கையின் வேலை உறுதியாகிவிட்டது. ஆனால் இதை ஒரு வீட்டின் வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நல்ல அம்மாவும் காது கொடுக்கும் கணவரும் வாய்த்தால்தான் ஒருத்தி நிரல் எழுத முடியும் என்றால், அது உரிமை ஆகாது, அதிர்ஷ்டம். பெரும்பாக்கத்தில் நாள் முழுதும் திறந்திருக்கும் ஒரு நல்ல காப்பகம் வேண்டும். தங்கையின் அலுவலகத்துக்குப் பக்கத்திலும் ஒன்று வேண்டும். இரண்டும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். தந்தைக்கும் விடுப்பு வேண்டும், அதை எடுக்கிறவனைச் சிரிக்காத அலுவலகமும் வேண்டும்.

அம்மா பதினைந்து நாளில் திரும்பவில்லை. ஒரு மாதம் கழித்து, "அங்கன எல்லாம் ஓடுதுல்லா? ஓடட்டும். நா மெதுவா வாரேன்" என்று தொலைபேசியில் சொன்னாள். பின்னணியில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.