நித்தியகல்யாணியும் ஒரு சிறுவனின் பாதமும்

ரங்கூனில் எங்கள் வீட்டில் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுப்பூ என்பார்கள். யாரும் தலையில் வைக்கமாட்டார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் நீரிழிவுக்கு மருந்து தேடி அதன் இலையை ஆராய்ந்தார்கள். எலிகளின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அதே செடியிலிருந்து பின்னர் பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுக்கு இன்றும் அது முக்கிய மருந்து.

2019இல் அக்கா மகனுக்கு அந்த நோய் கண்டபோது அவனுக்கு வயது ஆறு. வாரம் ஓர் ஊசி. முதலில் தாடைவலி, மலச்சிக்கல். பிறகு நடக்கையில் பாதம் தொங்கித் தரையில் தட்டியது. செருப்பு கழன்று விழுந்தாலும் அவனுக்குத் தெரியவில்லை. நாங்கள் இருந்தது நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்குப் படி கால்விரல் இடறியது. நான்தான் தூக்கிக்கொண்டு ஏறுவேன்.

"நோய் காலுக்கு இறங்கிடுச்சு. ஊசிய நிறுத்தும்மா" என்றார் அக்காவின் மாமியார். கையிலிருந்த பணமும் கரைந்துகொண்டிருந்தது. அக்கா ஆடிப்போனாள்.

மருத்துவர் அவனைக் குதிகாலில் நிற்கச் சொன்னார். முடியவில்லை. பிறகு விளக்கினார்: புற்றணு இரண்டாகப் பிரிய நுண்ணிய குழல்கள் வேண்டும், மருந்து அவற்றைக் கட்டவிடாது. நரம்புக்குள் நுனிவரை சரக்கு போவதும் அதே மாதிரிக் குழல்கள் வழியாகத்தான். பாதத்துக்குப் போகும் நரம்பு மிக நீளம், அதனால் அடி முதலில் அங்கே. இன்று கோலாலம்பூரில் உணவகத்தில் தட்டேந்தும் எனக்கு அது நன்றாகவே விளங்குகிறது. பரிமாற ஆள் குறைந்தால் கடைசி மேசைதான் முதலில் காத்துக்கிடக்கும்.

ஊசியை நிறுத்தவில்லை; அளவைக் குறைத்தார். பூஞ்சைக்காக வேறிடத்தில் எழுதிக்கொடுத்த இட்ரகோனசோலை மாற்றினார். அது, ஈரல் வின்கிறிஸ்டினைச் சிதைப்பதைத் தடுத்து நஞ்சைக் கூட்டுமாம். கணுக்காலுக்குத் தாங்கி, தினமும் பயிற்சி. சில மாதங்களில் பாதம் மெல்ல எழும்பியது.

முதுகுத்தண்டில் ஏற்றும் மெதோட்ரெக்சேட்டும் சில பிள்ளைகளுக்கு ஓரிரு வாரத்துக்குள் பேச்சைக் குழறவைக்கும், ஒரு பக்கக் கையைச் சோரவைக்கும். பக்கவாதம் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் நான் மூன்றாம் ஆண்டுப் படிப்பை விட்டு வெளியேறிய அன்று, அவன் நான்கு மாடியும் தானே இறங்கிவந்து வழியனுப்பினான்.

கால் பெரும்பாலும் திரும்பிவரும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் நோயும் திரும்பிவரும். உங்கள் உறவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நடையில் காணும் சிறு மாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்துவதா குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும்.