கள்ளக்கடல் ஓரம் ஒரு கூடாரம்

பாறசாலை ரயில் நிலையத்தில் முதுகில் கூடாரப் பையோடு இறங்கும் இளைஞர்கள் ஆட்டோக்காரரிடம் சொல்லும் பெயர் பூவாறு. தமிழில் கேட்டால் தமிழிலும் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் பதில் வரும். கட்டணம் மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றங்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. அன்று போட்ட கோடு ரப்பர் தோட்டங்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து வந்து பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே மணலில் முடிகிறது. இந்தப் பக்கம் கேரளத்தின் கடைசி மீனவர் ஊர். அந்தப் பக்கம் குமரி மாவட்டத்தின் முதல் மீனவர் ஊர். இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே மீன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இழவும் இரு பக்கமும் விழுந்தது.

அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு பூவாறில் கடலைத் தொடுகிறது. தொடுகிறது என்று சொல்வதுகூட எல்லா மாதங்களுக்கும் பொருந்தாது. கோடையில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு வாயை மூடிவிடும். மழையில் வெள்ளம் வந்ததும் அது உடைபடும். இந்த வாய்க்குத்தான் ‘பொழி’ என்று பெயர். பொழியூரின் பெயரும் அதிலிருந்து வந்ததே. திட்டுக்குப் போகப் படகு வேண்டும். அலையாத்திகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் படகு கடைசித் திருப்பத்தில் சட்டென்று வெளியே வரும்போது, ஒரு பக்கம் அசையாத ஆறு, மறுபக்கம் இரைகிற அரபிக்கடல், நடுவே பொன்னிற மணல். விளம்பரப் படங்களில் வருவது இந்த இடம்தான். படங்களில் வராதது, பக்கத்திலேயே பாதி தூர்ந்து கிடக்கும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியே இணைக்க 1860-ல் திருவிதாங்கூர் தொடங்கிய வேலை அது. முழுமை பெறவில்லை. 2016-ல் நாடாளுமன்றம் இதைத் தேசிய நீர்வழி எண் 13 என்று அறிவித்தது. ஆகாயத்தாமரைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை.

கடற்கரையில் இரவு தங்க வருகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது மணலின் சரிவை. கரை செங்குத்தாக இறங்குகிறது. இரண்டு எட்டு வைத்தால் முழங்கால், மூன்றாவது எட்டில் ஆள் ஆழம். அலை தூரத்தில் உடைந்து நுரையாக வருவதில்லை. காலடியிலேயே இடிந்து விழுந்து, அதே வேகத்தில் இழுத்துக்கொண்டு திரும்புகிறது. நீந்தத் தெரிந்தவர்களையும் உள்ளூர்க்காரர்கள் இங்கே இறங்க விடுவதில்லை. அலைச்சறுக்குக்கும் இது உகந்த இடமல்ல. அதற்கு வடக்கே கோவளம் இருக்கிறது. அங்கே 2005-ல் பெல்ஜியம் நாட்டவர் ஒருவர் மீனவப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சர்ஃப் கிளப், பள்ளிக்குப் போனால்தான் பலகை என்ற நிபந்தனையோடு நடந்தது.

பலகைக்காரர்கள் ஏங்கிக் காத்திருப்பதும் பொழியூர்க்காரர்கள் பயப்படுவதும் ஒரே அலைக்குத்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தெற்குப் பெருங்கடலில் புயல் கிளப்பும் நீண்ட அலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து இந்தக் கரைக்கு வருகின்றன. உள்ளூர்க் காற்று வீசுவது அலைக்கு அலை ஐந்தாறு விநாடி இடைவெளி என்றால், இவற்றுக்குப் பதினைந்து விநாடிக்கும் மேல். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்று அசையாது. திடீரென்று கடல் ஏறும். சொல்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. 2012-ல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாதில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இப்போது முன்னெச்சரிக்கை தருகிறது. ஆக, கள்ளன் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறான். கேட்கிறவர்கள்தான் குறைவு.

2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. பொழியூர், பூந்துறை உள்ளிட்ட கரைகளில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டு மே 6 அன்று, எச்சரிக்கை அமலில் இருந்தபோதே, குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. ஊர் சுற்ற வந்த பிள்ளைகள்.

பொழியூரில் கடல் ஏற இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். தெற்கே நீரோடிப் பக்கம் தமிழ்நாடு போட்ட தூண்டில் வளைவுகள் மணலைத் தடுப்பதால்தான் தங்கள் கரை தேய்கிறது என்பது அவர்கள் குறை. தூண்டில் வளைவைக் கேரளத்தில் ‘புலிமுட்டு’ என்பார்கள். எங்களுக்கும் புலிமுட்டு போடு என்று பொழியூர் கேட்கிறது. போட்டால் அதற்கு அடுத்த ஊர் கேட்கும். மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் பொருள். ஓரிடத்தில் கல்லைப் போட்டு நிறுத்தினால் இன்னோரிடத்தில் குறையத்தான் செய்யும். இங்கே குறைவது வெறும் மணல் அல்ல. பொழியூர்ப் பையன்கள் பந்து உதைத்துப் பழகியது இந்தக் கடற்கரை மணலில்தான். 2018-ல் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று சந்தோஷ் டிராபியைத் தூக்கிய கேரள அணியிலும் இந்த ஊர்க்காரர் உண்டு.

கூடாரம் அடிப்பவர்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். தண்ணீரை ஒட்டி நின்றால் கடல் அமைதி. சித்திரை மாதத்தில் ஒரு மாலை, காற்றே இல்லாத நேரத்தில், பத்துப் பேர் கூடி வள்ளங்களைத் தோள் கொடுத்துச் சாலை வரை ஏற்றிக்கொண்டிருந்தால், ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போய்விடலாம். ஒரு கை பிடித்தால் கட்டஞ்சாயாவும் கிடைக்கும்.