இரவு உணவுக்குப் பின் ஓர் அதிகாரம்



நாள்தோறும் வேதாகமம் வாசிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் எப்படி ஏற்படுத்துவது என்று ஞாயிறு பள்ளிப் பெற்றோர் சிலர் கேட்டிருந்தனர். போர்ட் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகவும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் மருமகளாகவும் நான் கண்டறிந்ததை எழுதுகிறேன்.

வேதாகமத்தில் 66 நூல்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாள்களில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ஜனவரி முதல் நாள் ஆதியாகமத்தில் தொடங்குகிறவர் அம்மாதம் முடிவதற்குள் லேவியராகமத்தின் பலி முறைமைகளை எட்டிவிடுகிறார். பலருடைய வாசிப்பு அங்கேயே நின்றுபோகிறது. புதிதாகத் தொடங்கும் வீட்டாருக்கு நான் மாற்கு சுவிசேஷத்தையே சொல்வேன். பதினாறே அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று போதும்.

என் கணவர் துறைமுகத்தில் பணிபுரிகிறார். அவருடைய வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். ஆதலால் இத்தனை மணிக்கு என்று எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இரவு உணவு முடிந்து தட்டுகளைக் கழுவியதும் வேதம் திறக்கப்படும். அது ஏழு மணியாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். கடிகாரத்தை நம்பியிருந்தால் இப்பழக்கம் ஒரு மாதங்கூட நிலைத்திராது.

வாசித்தபின், "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?" என்று நான் கேட்பதில்லை. அக்கேள்விக்குப் பிள்ளைகளிடம் ஆயத்தமான விடை உண்டு என்பதை வகுப்பறையில் நாம் அனைவரும் அறிவோம். "எந்தச் சொல் விளங்கவில்லை?" என்றுதான் கேட்பேன். அங்கிருந்துதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. பள்ளியில் நிலாம் பதிவேட்டை நிரப்புவதற்காகப் புத்தகங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் மாணவரைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதிகாரங்களை எண்ணுவதிலும் அதே ஆபத்து இருக்கிறது.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் சிறுவருக்குக் கடினமே. நான்காம் ஆண்டில் பயிலும் என் மகள் ஒருமுறை கட்டுரையில், "நான் நாசி லெமாக் புசித்தேன்" என்று எழுதிவிட்டாள். சிரித்தேன், ஆயினும் சிவப்பு மையால் அடிக்க மனம் வரவில்லை.

அவளுடைய வாசிப்பு எங்கள் வீட்டில் ஒருவருக்கு இன்றியமையாதது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற என் மாமியார், விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வேதம் வாசித்தே தம் தமிழை வளர்த்துக்கொண்டவர். இப்போது பார்வை மங்கிவிட்டது. பேத்தி வாசித்தால்தான் அவருக்கு வேதம் உண்டு. இடைநிலைப்பள்ளியில் பயிலும் மகனோ கைப்பேசியில் ஆங்கிலத்தில் வாசிக்கிறான். "எந்த மொழியில் படித்தாலும் கடவுளின் வார்த்தைதானே அம்மா?" என்கிறான். மறுக்க முடியவில்லை. ஆனால் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதே! ஆகவே ஒரு வழி செய்தோம். அவன் ஆங்கிலத்தில் வாசித்ததைப் பாட்டிக்குத் தன் சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் திணறினான். சில நாள்களில் பாட்டி அவனைத் திருத்துகிறார். சில நாள்களில் தங்கையும் சேர்ந்து திருத்துகிறாள். அவனுக்கு அதுதான் கோபம்.

தமிழில் வேதம் வந்த வரலாறும் பிள்ளைகளோடு தொடர்புடையது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் மறைந்தார்; எஞ்சியதைச் சூல்ச் என்னும் மற்றொரு ஊழியர் தொடர்ந்து முடித்தார்.

சென்ற வாரம் நாங்களும் ரூத் வாசித்தோம். நான்கே அதிகாரங்கள். மருமகள் மாமியாரை விட்டுப் பிரிய மறுக்கும் முதல் அதிகாரத்தை மட்டும் என் மாமியார் இரண்டு இரவுகள் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் இரவும் அதையே கேட்டபோது, மகள் என்னைப் பார்த்தாள். "வாசி," என்றேன்.