அட்டையில் வந்த புள்ளிகள்

கழுவிய பிலிமில் காரணமற்ற கறை என்று ஒன்றில்லை. நெடுக ஓடும் மெல்லிய கோடு என்றால் பிலிம் எங்கோ உராய்ந்திருக்கிறது. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும் கருமை என்றால் வெளிச்சம் புகுந்திருக்கிறது. மரக்கிளை போல் கிளைத்திருந்தால், வறண்ட காற்றில் பிறந்த நிலைமின்னின் வேலை. 1945ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோடாக் நிறுவனத்தின் எக்ஸ்ரே பிலிம்களில் தோன்றிய கரும்புள்ளிகள் இவற்றுள் எதிலும் அடங்கவில்லை.

ஆராயும் பொறுப்பு ஜூலியன் வெப் என்னும் இயற்பியலாளரிடம் வந்தது. முதல் ஐயம் ரேடியத்தின் மீது விழுந்தது இயல்பே. போர்க்காலக் கருவிகளின் முகப்பில் பூசிய ரேடியம், கழிவுக் காகிதத்தின் வழியே அட்டைக்குள் புகுந்து பிலிமைக் கெடுத்த அனுபவம் அந்நிறுவனத்துக்கு முன்பே உண்டு. ஆனால் ரேடியம் என்றால் ஆல்ஃபா துகள்கள் வெளிப்பட்டிருக்க வேண்டும். இங்கே அவை இல்லை. ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். இந்தப் பொருளோ ஏறக்குறைய ஒரே மாதத்தில் பாதியாகிக்கொண்டிருந்தது. குற்றவாளியை அடையாளம் காட்டியது அது மறைந்துகொண்டிருந்த வேகம்தான். அது சீரியம்-141, அணுப்பிளவில் பிறப்பது.

பிலிமைப் பொதிந்த வைக்கோல் அட்டை, இண்டியானா மாநிலத்து வின்சென்ஸ் ஆலையில் ஆகஸ்ட் 6 அன்று உருவானது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாள். ஆயினும் அந்த ஒற்றுமை வெறும் தற்செயல். மூன்று வாரங்களுக்கு முன், ஜூலை 16 அன்று, நியூ மெக்சிகோவில் நடந்த டிரினிட்டி சோதனையின் எச்சம் காற்றில் மிதந்து, மழையோடு இறங்கி, வாபாஷ் ஆற்று நீர் வழியே ஆலைக்குள் நுழைந்திருந்தது. இரகசியமாக நடத்தப்பட்ட வெடிப்புக்கு ஒரு காகித ஆலை சாட்சியாயிற்று. வெப் தம் முடிவுகளை 1949இல் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழில் வெளியிட்டார்.

1951 ஜனவரியில் நெவாடா சோதனைகள் தொடங்கின. ராச்செஸ்டரில் பெய்த பனியிலும் கதிரியக்கம் தென்பட்டது. கோடாக் முறையிட்டது. அதன்பின் பிலிம் உற்பத்தியாளர்களுக்குச் சோதனைகள் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்க அணுசக்தி ஆணையம் வழங்கத் தொடங்கியது. பிலிமைக் காப்பதில் தவறில்லை. ஆனால் அயோடின்-131 கலந்த பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டிய வீடுகளுக்கு அந்த எச்சரிக்கை போகவில்லை. கதிர்வீச்சுக்கு ஆளானோருக்கான இழப்பீட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது. டிரினிட்டி தளத்தை அடுத்து வாழ்ந்த நியூ மெக்சிகோ மக்கள் அதில் சேர்க்கப்பட்டதோ 2025இல்.