அத்தாவின் குறட்டை

ஒருவர் நிம்மதியாக உறங்குகிறார் என்பதற்கு எங்கள் வீட்டில் குறட்டைதான் சான்று. கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருவுக்கே அத்தாவின் குறட்டை பழக்கமானது. "படுத்ததும் தூங்கிடுவார், அது அல்லாஹ் கொடுத்த பாக்கியம்" என்று அம்மா பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையை நாங்களும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அதே மனிதர் பகலில் அமர்ந்த இடத்திலெல்லாம் உறங்கினார். மல்லாட்டை மண்டியில் கணக்கு நோட்டின் மீது தலை சாய்ந்துவிடும். செஞ்சியிலிருந்து திரும்பும்போது நம் ஊர் நிறுத்தத்தைத் தவறவிட்டுத் திருவண்ணாமலை வரை போய் இறங்கியிருக்கிறார். ஜும்ஆ பயானில் அருகிலிருப்பவர் தோளில் சாய்ந்துவிடுவார். விழித்ததும் உளூ முறிந்திருக்குமோ என்ற ஐயத்தில் எழுந்து ஹவுளுக்குப் போவார். ஒருநாள் பெரியவர் ஒருவர், "ஷைத்தான் தாலாட்டுப் பாடுறான் போலிருக்கு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, "தொழுகையில் மனம் இருந்தால் தூக்கம் வருமா அத்தா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அவருடைய இரத்த அழுத்தமும் அடங்க மறுத்தது. ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. அப்போதும் 160க்குக் கீழே இறங்கவில்லை. காட்டிய மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மா ஊறுகாயையும் கருவாட்டையும் வீட்டை விட்டே வெளியேற்றினார். அடுத்த முறை போனபோது, "நீங்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை" என்று மருத்துவர் கடிந்துகொண்டார். அத்தா மறுத்தார். நாங்கள் மருத்துவரைத்தான் நம்பினோம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதந்தோறும் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரி ஒருவர்தான், "ஐயா ஒரு அட்டைகூட மிச்சம் வைத்ததில்லையே" என்றார். அந்தச் சொல்லையும் நாங்கள் காதில் வாங்கவில்லை.

2024ஆம் ஆண்டு ரமலானுக்கு விடுப்பெடுத்துச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். பிறை பதினான்கு, முழுநிலவு. புழுக்கம் தாங்காமல் தராவீஹ் முடிந்ததும் நானும் அத்தாவும் மொட்டை மாடியில் பாய் விரித்தோம். பௌர்ணமி கிரிவலத்துக்குச் செல்லும் வண்டிகள் செஞ்சி சாலையில் இரவெல்லாம் போய்க்கொண்டிருந்தன. எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அத்தாவின் குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென நின்றது. அப்பாடா என்று திரும்பிப் படுத்தவன், அமைதி நீள்வதைக் கவனித்து எழுந்து உட்கார்ந்தேன். நிலா வெளிச்சத்தில் அவருடைய நெஞ்சும் வயிறும் உள்ளே இழுத்து இழுத்துப் போராடுவது தெரிந்தது. மூக்கருகே கை வைத்தேன், காற்று வரவில்லை. மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். முப்பத்திரண்டு எண்ணியபோது, கிணற்றில் மூழ்கியவரை மேலே இழுத்தது போலப் பெரும் சத்தத்துடன் மூச்சை வாங்கினார். மறுபடியும் குறட்டை, மறுபடியும் நிசப்தம். ஸஹருக்கு எழுப்பும் வரை நான் படுக்கவே இல்லை. நடுவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்து போனார். அதையும் நாங்கள் அதுவரை சர்க்கரையின் தொடக்கம் என்றே எண்ணியிருந்தோம்.

அன்று கைப்பேசியில் பதிவு செய்ததைப் பெருநாள் கழிந்ததும் போளூர் வழியாக வேலூருக்கு எடுத்துச் சென்றோம். அங்கே நுரையீரல் மருத்துவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, உறக்கப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். ஓர் இரவு முழுவதும் தலையிலும் மார்பிலும் விரலிலும் கம்பிகள் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்கு 5 முறைக்குள் இருந்தால் இயல்பு, 30ஐத் தொட்டால் கடுமை. அத்தாவுக்கு 41. இரத்தத்தில் ஆக்சிஜன் 72 விழுக்காடு வரை இறங்கியிருந்தது.

'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை இது என்றார் மருத்துவர். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைத்துவிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அபாயமணி அடித்து உடலை உலுக்குகிறது. உறங்குபவருக்கு விழித்த நினைவுகூட இருக்காது. ஆனால் அந்த உலுக்கலில் இரத்தக் குழாய்கள் இறுகும், அழுத்தம் எகிறும். நலமாக உறங்கும் மனிதருக்கு இரவில் இரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை தணியும். இதயத்துக்கு நாளும் கிடைக்கும் ஓய்வு அது. அத்தாவின் இதயத்துக்கு அந்த ஓய்வு கிடைக்கவே இல்லை. இரவு முழுவதும் ஓடியவர் பகலில் சாயாமல் என்ன செய்வார்? மூச்சுவழி அடைத்திருக்கும்போது நெஞ்சு காற்றை இழுக்க முயல்வதால் இதயச் சுவர்களும் இழுபடுகின்றன. நாடித்துடிப்பு ஒழுங்கு தவறும் நோய்க்கு இதுவும் ஒரு காரணம். மூன்று மருந்துகளுக்கும் அடங்காத இரத்த அழுத்தம் என்றால் உறக்கத்தை விசாரிப்பது வழக்கம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எங்களிடம் அதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை.

இது அரிதான நோய் அன்று. இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு இது இருக்கும் என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் கணித்தார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2022இல்தான் இதய நலத்துக்கான அடிப்படைப் பட்டியலில் உறக்கத்தைச் சேர்த்தது; அதுவரை அதில் உணவு, உடற்பயிற்சி, புகை போன்றவையே இருந்தன. மருத்துவ உலகமே தாமதமாகச் சேர்த்ததை எங்கள் மண்டிக் குடும்பம் அறியாமல் போனதில் வியப்பில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு.

மருந்து ஒரு சிறு இயந்திரம். 'சிபேப்' என்கிறார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1980இல் உருவாக்கிய வழிமுறை: முகமூடி வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினால் மூச்சுவழி அடைபடாது. நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. முதல் வாரம் படுதோல்வி. வாயையும் மூக்கையும் மூடும் முகமூடி அத்தாவின் தாடியில் பொருந்தாமல் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. "தாடியை எடுக்கணும்னா இந்த மெஷினே வேணாம்" என்றார். தொலைபேசியில் கேட்டபோது, நாசித் துளைகளில் மட்டும் பொருந்தும் வகை உண்டு என்றார்கள். தாடியும் தப்பியது. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினோம். பேரப்பிள்ளைகள் அவரை 'பைலட் தாத்தா' ஆக்கினார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு ஜும்ஆவில் அவர் குத்பா முழுவதையும் விழித்திருந்து கேட்டார். நான் இமாமைவிட அவரையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்த அழுத்தம் சில மாதங்களில் 140ஐ ஒட்டி வந்தது. மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்தார், நாங்களாக நிறுத்தவில்லை. கருவி வந்துவிட்டதால் மாரடைப்பே வராது என்று எண்ணிவிடக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். 2016இல் வெளியான, 2,717 பேரைக் கொண்ட 'சேவ்' ஆய்வில் அத்தகைய பாதுகாப்பு உறுதிப்படவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே கருவியை அணிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதனால் சுப்ஹுக்குப் பின் கண் அயர்ந்தாலும், லுஹருக்கு முன் கைலூலா உறங்கினாலும் அத்தா கருவியை மாட்டிக்கொள்கிறார்.

இரவெல்லாம் நின்று வணங்க முனைந்த அபூதர்தா (ரலி) அவர்களைச் சல்மான் (ரலி) அவர்கள் உறங்கச் சொல்லித் தடுத்ததும், பின்னிரவில் இருவரும் எழுந்து தொழுததும், அதை நபி (ஸல்) அவர்கள் சரியென்று ஏற்றதும் ஸஹீஹ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் படித்த நிகழ்வுதான். அத்தாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று அது என் நினைவுக்கு வரவில்லை. இந்த ரமலானில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குப்பா?" என்றார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் காட்டிக்கொண்டாரா, தெரியவில்லை.

இப்போது வீட்டில் குறட்டை நின்றபாடில்லை. அத்தாவின் சத்தம் ஓய்ந்த பிறகுதான் இன்னொரு சத்தம் எங்களுக்குக் கேட்கத் தொடங்கியது. அம்மாவுக்கும் காலையில் தலைவலி, இரண்டு அழுத்த மாத்திரைகள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்நோய் கூடுகிறது என்று எடுத்துச் சொன்னோம். "பொம்பளை குறட்டை விடுறான்னு ஊருக்கே சொல்லப்போறியா?" என்று கோபித்துக்கொண்டார். பெண் ஊழியர் இருப்பார்கள், தங்கையும் கூடவே தங்குவாள் என்று ஒரு மாதமாகப் பேசி, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரத்துக்கு வேலூரில் நாள் குறித்திருக்கிறோம். வரமாட்டேன் என்று சொல்வதை அம்மா இப்போது நிறுத்தியிருக்கிறார்.