குளம்படியும் முத்திரையும்

மலைநாட்டு ஊர்களுக்குச் செல்வோர் மலையையும் ஆற்றையும் கண்டு களித்துத் திரும்புவது உலக வழக்கு. ஜேர்மனி நாட்டின் ஹார்ட்ஸ் மலையடிவாரத்திலுள்ள தாலே என்னும் சிற்றூருக்கு நானும் அந்நோக்கத்துடனேயே சென்றேன். ஆயின், அவ்வூரை நினைக்குந்தோறும் இன்று என் மனக்கண்முன் நிற்பது மலையன்று. பழைய உருக்குத் தலைக்கவசம் ஒன்றின் உட்புறத்தே பொறிக்கப்பட்டிருந்த இரண்டு எழுத்துக்களும் ஓர் எண்ணுமேயாம்.

அந்நாட்டில் வாழும் என் தமையனார் இல்லத்தில் ஒரு விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தேன். அவர் மகன் பல்கலைக்கழக மாணவன். "சித்தப்பா, சரித்திரம் படிப்பிக்கும் நீங்கள் பார்க்கவேண்டிய ஊர் ஒன்று உண்டு. என் நண்பனுடைய பாட்டனார் அங்கே இருக்கிறார். நம்மைப் பகலுணவுக்கு அழைத்திருக்கிறார்" என்று கூறி என்னை அழைத்துச் சென்றான். குவெட்லின்பூர்க் என்னும் பழம்பதியைக் கடந்து செல்லும் புகையிரதம் தாலேயில் முடிவுறுகின்றது. அதற்கப்பால் மலை சுவர்போல எழுந்து நிற்கின்றது.

போடே என்னும் ஆறு அம்மலையைப் பிளந்துகொண்டு ஆழ்ந்த பள்ளத்தாக்கின் வழியே வெளிப்படுகின்றது. அதன் இருமருங்கும் எதிரெதிரே இரண்டு பாறை முகடுகள். ஒன்று சூனியக்காரிகளின் நடனமேடை எனவும், மற்றையது குதிரைக் குளம்படி எனவும் பெயர் பெறும். போடோ என்னும் அரக்கன் துரத்திவர, பிரூன்ஹில்டே என்னும் அரசகுமாரி தன் குதிரையை ஒரு முகட்டிலிருந்து மறுமுகட்டுக்குப் பாயச் செய்தாளாம். குதிரை கால் பதித்த இடத்திற் பாறை குழிந்தது. அவள் தலையிலிருந்த முடியோ நழுவி ஆற்றில் வீழ்ந்தது. பின்தொடர்ந்து பாய்ந்த அரக்கனும் பள்ளத்தில் வீழ்ந்து, கருநாயாக மாறி, அம்முடியை இன்றும் காத்துக் கிடக்கின்றான் என்பது கதை. குளம்படியெனக் காட்டப்படும் குழியை நாங்களும் கண்டோம். கதை மெய்யோ பொய்யோ, ஒரு சுவடு இருந்தால் அதை இட்டவர் யாரென்று வினவாமல் மனிதமனம் அமைதியடைவதில்லை.

மலையிலிருந்து இறங்கியதும் ஊரின் மறுபக்கம் எங்களை எதிர்கொண்டது. தாலே இரும்பாலை ஊர். அங்கே இரும்புத் தொழில் தொடங்கியது 1686ஆம் ஆண்டிலாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாலை எனாமல் பாத்திரங்களாற் புகழ் பெற்றது. இரும்புத் தகட்டை அச்சிலிட்டு அழுத்திச் சட்டியாகவும் கிண்ணமாகவும் வடித்து, கண்ணாடிப் பொடிக் கரைசலிற் தோய்த்து, ஏறக்குறைய 800 பாகை வெப்பமுள்ள சூளையிற் சுட்டால், பொடி உருகி வழவழப்பான பூச்சாகின்றது. நம் வீடுகளில் முன்னாளில் இருந்த நீல விளிம்புடைய வெள்ளைப் பேணிகளை நினைவுகூர்வோருக்கு இத்தொழிலைப்பற்றி மேலும் விரிக்க வேண்டுவதில்லை.

சட்டி செய்த ஆலைக்கு யுத்தம் வேறொரு வேலையைத் தந்தது. முதலாவது உலக யுத்தத் தொடக்கத்தில் ஜேர்மன் போர்வீரர் அணிந்தது உச்சியிற் கூர்முனை கொண்ட தோற்கவசம். வெடிகுண்டுச் சிதறல்களுக்கு அது எவ்வகையிலும் ஈடு கொடுக்கவில்லை. மிகச் சிறிய இரும்புத் துணுக்கும் தலையைத் துளைத்து மூளையைச் சிதைத்துவிடுவதைச் சத்திரவைத்தியர் ஆகுஸ்ட் பியர் கண்டார். 1915இல் ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் பிரீட்ரிக் ஷ்வேர்ட், நெற்றியையும் காதையும் பிடரியையும் மறைக்கும் உருக்குக் கவசமொன்றை வகுத்தார். 1916இல் அது போர்முனைக்குச் சென்றது. தாலே ஆலை அதைச் செய்தது. தகட்டைக் குழிவாக அழுத்தும் வித்தை சட்டி செய்வோருக்குக் கைவந்த கலையன்றோ!

இவற்றையெல்லாம் எங்களுக்கு விளக்கியவர் எண்பது வயதைக் கடந்த அம்முதியவரே. அவரும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். உணவு முடிந்ததும் சமையலறைச் சுவரில் தொங்கிய பாத்திரமொன்றை எடுத்து என் கையிற் தந்தார். காய்கறி கழுவி நீர் வடிப்பதற்கான துளைகள் நிறைந்த பாத்திரம், இருபக்கமும் பிடிகள். "உள்ளே பாருங்கள்" என்றார். இடப்பக்க விளிம்பின் உட்புறத்தே, ஈ.டி. என்னும் ஆங்கில எழுத்துக்களும் 64 என்னும் எண்ணும் அழுந்தியிருந்தன. நான் கையில் வைத்திருந்தது ஒரு தலைக்கவசம்! 1945இல் யுத்தம் முடிந்தபின், வீடுகளிற் பாத்திரமில்லை. தலைக்கவசங்களோ குவிந்து கிடந்தன. பல ஊர்ப் பட்டறைகள் அவற்றைத் துளையிட்டும் பிடி பொருத்தியும் சமையலறைக்கு அனுப்பின.

அம்முத்திரையை வாசிக்கும் முறையையும் அவர் கற்பித்தார். ஈ.டி. என்பது தாலே இரும்பாலையைக் குறிக்கும். எஸ்.ஈ. என்றால் லவுட்டர் ஊரிலிருந்த எனாமல் ஆலை, ஈ.எவ். என்றால் புல்டா நகர எனாமல் ஆலை. கியூ என்றால் எஸ்லிங்கன் நகரின் குவிஸ்ட் நிறுவனம். எண் கவசத்தின் அளவு. 64 என்பது உள்ளே தோலுறை பொருத்தியபின் 56 அல்லது 57 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள தலைக்கு ஏற்றது. பிடரிப்பக்கத்து எண் இன்ன தொகுதி என்பதைக் காட்டும். இரண்டாவது உலக யுத்தத்தின் பிற்பகுதியில் ஆலையின் எழுத்துக்கு மாறாகச் சி.கே.எல். என்னும் மறைகுறி தாலேயிற் பொறிக்கப்பட்டது. பகைவர் உற்பத்தியிடத்தை அறியலாகாது என்பதே அத்தகைய மறைகுறிகளின் நோக்கம். இன்று போலிகளும் விற்பனைக்கு வருகின்றன. மெய்யான முத்திரை வர்ணம் பூசுமுன் அடிக்கப்பட்டது; ஆதலால் முதற்பூச்சு அதன் குழிகளுக்குள்ளும் படிந்திருக்கும்.

பெரியவர் சற்று மௌனமாயிருந்தார். பின்னர், தம் தாயார் மணமாகுமுன் அவ்வாலையின் எனாமல் பகுதியிற் தொழில் செய்தவர் என்றும், தந்தையார் 1942இற் கிழக்குப் போர்முனைக்குச் சென்று மீளவில்லை என்றும் கூறினார். யுத்தத்தின்பின் தாயார் இப்பாத்திரத்தைச் சந்தையில் வாங்கி வந்து, கழுவுகையில் முத்திரையைக் கண்டாராம். தந்தையாரின் தொப்பி அளவு 57.

"இது தந்தையாருடையதா?" என்று என் பெறாமகன் தயங்கியபடி வினவினான்.

"இல்லை. அந்த அளவில் எத்தனையோ ஆயிரம் செய்திருப்பார்கள். அம்மாவுக்கும் அது தெரியும். ஆயினும் வேறு பாத்திரம் வாங்க அவர் சம்மதிக்கவில்லை" என்றார் பெரியவர். சிறிது பொறுத்து, "இதை அணிந்த படை பிறர் நாடுகளில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதையும் என் மாணவர்களுக்கு மறையாமற் சொல்லிவந்தேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை புகையிரதத்தில் இருந்தபோது மனம் முத்திரையையே சுற்றிவந்தது. எந்த ஆலை செய்தது, எவ்வளவு பெரிய தலைக்குச் செய்தது என்பவற்றை உருக்கு பிழையின்றிச் சொல்லுகின்றது. எவன் தலை என்பதைச் சொல்லவில்லை. சில வீரர் தம் பெயரை உட்புறத்தில் எழுதி வைத்ததுண்டாம். அவ்வாறு எழுதாதவர்களைத் தாயோ மனைவியோ நினைவில் வைத்திருந்தாலன்றி வேறு வழியில்லை.

மாணவர்கள் பழம்பொருள் எதனைக் கண்டாலும் அதனைத் திருப்பிப் பார்த்தல் நன்று. சரித்திரம் பெரும்பாலும் அடியிலும் உட்புறத்திலுமே எழுதப்பட்டிருக்கின்றது. ஊர் திரும்பிய மறுநாள், அப்பாச்சி வைத்துச் சென்ற எனாமல் பேணியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் முத்திரை ஒன்று இருக்கத்தான் செய்தது. ஐம்பது ஆண்டுகளாக அவர் சாம்பலிட்டுத் தேய்த்ததில் எழுத்துக்கள் யாவும் மறைந்துபோயிருந்தன.