ஏற்கெனவே போட்டிருந்த டிக்

அப்பா ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து நாலு பேப்பரையும் அதில் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பவர் அவர். ஊருக்குப் போனதும் கேட்டேன். "நான் எதையோ தொட்டுக் கெடுத்துட்டேன்பா, மன்னிச்சுக்கோ" என்றார். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி மேலே ஏறி வந்தது. சிவப்பு முக்கோணம், 'உங்கள் கணினியில் 5 வைரஸ்'. மூடினால் அடுத்தது வந்தது. ஆனால் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஓர் இணைய முகவரி இருந்தது. அதுதான் துப்பு. உண்மையான வைரஸ் எச்சரிக்கை எந்த இணையதளத்தின் பெயரிலும் வராது. பிரவுசர் வழியாக வரும் விளம்பரம்தான் அப்படி வரும். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியைத் திறந்தால், அனுமதி பெற்ற முகவரிகள் ஆறு இருந்தன. 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோ அழுத்துங்கள்' என்று ஏதோ ஒரு பக்கம் கேட்டிருக்கிறது, அழுத்தியிருக்கிறார். ஆறையும் நீக்கினேன். பெட்டி நின்றது.

பாதிதான் தீர்ந்தது. எந்தப் பக்கத்தில் எங்கே தொட்டாலும் இன்னொரு ஜன்னல் திறந்தது. விண்டோஸில் உள்ள புரோகிராம்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினேன். ஒரே நாளில் மூன்று ஏறியிருந்தன. தேதியைக் காட்டியதும் அப்பாவுக்கு நினைவு வந்தது: "அன்னைக்குத்தானே ஆஸ்பத்திரி பில்லையெல்லாம் ஒரே பிடிஎஃப்பா சேர்த்தேன்!" இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை இறக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தியிருக்கிறார். நடுவில் ஒரு பக்கத்தில், மற்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்ற கட்டத்தில், டிக் ஏற்கெனவே போட்டிருந்திருக்கும். இப்படிப்பட்ட புரோகிராம்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் வருகிற வழி அதுதான்.

மூன்றையும் அன்இன்ஸ்டால் செய்தேன். குரோமில் ஒட்டிக்கொண்டிருந்த, பேரே கேள்விப்படாத எக்ஸ்டென்ஷனை எடுத்தேன். பிறகு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து ஆட்வ்கிளீனரை இறக்கி ஓட்டினேன். இலவசம்தான். மிச்சம் மீதியையும் அது துடைத்தது.

இப்படித் தானாகத் திறக்கும் பாப்-அப் ஜன்னலுக்கு முதன்முதலில் நிரல் எழுதியவர்களில் ஒருவர் ஈத்தன் ஸக்கர்மன். 1990களில் டிரைபாட் என்ற இணைய நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஆபாசப் பக்கத்தில் தன் விளம்பரம் வந்துவிட்டதென்று ஒரு கார் கம்பெனி பதறியதால், விளம்பரத்தைத் தனி ஜன்னலில் காட்ட வழி செய்தார். 2014இல் தி அட்லாண்டிக் இதழில் அதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதினார். நல்ல எண்ணத்தில் செய்தவரே மன்னிப்புக் கேட்டுவிட்டார். முதியவர்களைப் பயமுறுத்திப் பிழைப்பதற்கென்றே அந்த டிக்கைப் போட்டு வைக்கிறவர்கள் கேட்கவில்லை. கேட்டது என் அப்பா. அதுதான் எனக்கு ஆறவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். திரையில் தெரியும் எந்த எண்ணுக்கும் போன் செய்ய வேண்டாமென்று சொல்லி வையுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.